பால் வற்றுவது யாரால்?

நமது நாட்டில் ஒரு வீட்டுக்கு எந்தத் துன்பம் வந்தாலும் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது மிகவும் சுலபமான வேலையாகும். மழை இல்லாவிட்டால் கடவுள் சித்தம். வியாபாரம் நொடித்தால் கிரகக் கோளாறு. இந்த இரண்டிலும் அடங்காத துன்பம் ஏதாவது வந்துவிட்டால், இருக்கவே இருக்கின்றது, வீட்டுக்கு வந்த மருமகளின் ராசி. இந்த மூன்றையும் விட்டு நாலாவது காரணம் ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்கின்ற எண்ணமே நம் ஜனங்களுக்கு உண்டாவதில்லை.

பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கையில் பெற்றவளுக்குப் பால் குறைந்து போகின்றதே, அந்த விஷயத்திலும் இதே கதைதான் நடக்கின்றது. இது ஏதோ பெண்கள் சமாச்சாரம், நமக்கு இதில் என்ன வேலை என்று ஆண் தோழர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாமல் கடைசி வரையில் படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். ஏனெனில் பால் சுரப்பது பெண்ணிடத்திலேயானாலும், அது வற்றுவதற்கு வேண்டிய காரியங்களில் பெரும்பாலானவற்றைச் செய்கின்றவர்கள் அவளைச் சுற்றியிருக்கும் நாம்தான் என்பது நமது அபிப்பிராயம்.

நமது குடியாத்தத்திலே ஒரு பீடி சுற்றும் வீட்டையாவது, லுங்கித் தறி வீட்டையாவது, தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணின் வீட்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்குப் போகும் பெண்ணின் வீடானாலும் சரிதான். அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு பிரசவமாகிவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுவோம். குழந்தை ஒன்றரைக் கிலோ. உடனே அதை வேலூருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். தகப்பன் குழந்தையோடு போய்விடுகிறான். தாயோ வயிற்றில் தையலோடு ஊரில் கிடக்கிறாள். மூன்றாம் நாள் மார் கல்லாய்க் கட்டிக்கொண்டு வலிக்கின்றது. ஒரு வாரத்தில் அது தானே இளகிவிடுகின்றது. பத்தாம் நாள் அவளை வேலூருக்கு அழைத்துப்போனால், அங்கே நர்சம்மாள் கேட்கும் முதல் கேள்வி, "பால் கொண்டு வந்திருக்கிறாயா அம்மா?" என்பதாகும். பீய்ச்சிப் பார்த்தால் பத்துச் சொட்டுக்கூட இல்லை. உடனே கூட வந்த மாமியார், "இன்னாடி இது, பெத்தவளுக்கே பாலு இல்லேன்னா புள்ள எப்பிடிப் பொழைக்கும்?" என்கிறாள். அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. குற்றவாளி தாய்.

அந்தப் பத்து நாளில் அவளுக்கு நடந்த வைத்தியங்களை யாராவது விசாரித்தார்களா? கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். பச்சை உடம்பு என்று வயிறார சோறு போடாமல், தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். தீட்டு கழியாமல் வாசற்படி தாண்டக்கூடாது என்று அவளைக் குழந்தையிடம் போகவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். ஜோசியனிடம் குழந்தையின் ஜாதகத்தைக் காட்டி, அது தாய்க்கு ஆகாத நட்சத்திரம் என்று அவன் சொன்னதை அவள் காதிலேயே ஓதினார்கள். இவ்வளவையும் செய்தவர்கள், பாலை வெளியே எடுக்கவேண்டும் என்கின்ற ஒரு காரியத்தை மாத்திரம் செய்யவுமில்லை; சொல்லிக்கொடுக்கவுமில்லை. இப்படியிருக்க, பால் எங்கே போயிற்று என்று கேட்பது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்பதைப் போன்றதல்லவா?

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று நமது கிழவிகளே பழமொழி சொல்லுகிறார்கள். பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மணலைத் தோண்டித் தண்ணீரை மொள்ள மொள்ள ஊற்று வரும். மொள்ளாமல் விட்டால் மணல் சரிந்து ஊற்று மூடிப்போகும். தாயின் மார்பும் அப்படியேதான். குழந்தை வாய் வைத்துக் குடித்தாலும் சரி, கையால் பீய்ச்சினாலும் சரி, காலி ஆக ஆகத்தான் அது மறுபடியும் சுரக்கின்றது. உள்ளேயே தங்கிவிட்டால், "இங்கே பால் வேண்டியதில்லை" என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டு சுரப்பதைக் குறைத்துவிடுகின்றது. இதில் ராசிக்கும் வேலை இல்லை, நட்சத்திரத்துக்கும் வேலை இல்லை.

அப்படியானால் கவலையால் பால் வற்றும் என்று எல்லோரும் சொல்லுகிறார்களே, அது பொய்யா என்று தோழர்கள் கேட்கக்கூடும். அதில் பாதி மெய், பாதி பொய். பால் உண்டாவது ஒரு வேலை. உண்டான பால் இறங்கி வருவது வேறு வேலை. முதல் வேலைக்குப் புரோலாக்டின் என்ற சுரப்பு நீரும், இரண்டாவது வேலைக்கு ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு நீரும் காரணமாயிருக்கின்றன. பயமும், வலியும், அவமானமும் தடுப்பது இந்த இரண்டாவதையே.

இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. 1948ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்கின்ற தம்பதிகள் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். பால் கொடுக்கும் ஒரு தாயைச் சில நாட்களில் அமைதியாக விட்டார்கள். சில நாட்களில் வேண்டுமென்றே தொந்தரவு செய்தார்கள். காலைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது, கால் விரலை வலிக்க இழுப்பது, கணக்குக் கேட்டுத் தப்பாகச் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடுப்பது ஆகிய இவைதான் தொந்தரவு. குடித்த பாலை நிறுத்துப் பார்த்தார்கள். அமைதியான நாளில் சராசரி 168 கிராம். தொந்தரவான நாளில் 99 கிராம். பிறகு அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 153 கிராம் வந்தது. இதன் அர்த்தம் என்ன? தொந்தரவு நாளிலும் பால் உள்ளே இருந்தது, இறங்கத்தான் இல்லை.

தோழர்களே! பனிக்கட்டித் தண்ணீரும் மின்சார அதிர்ச்சியும் அந்தத் தாய் பரீட்சைக்காகச் சில நாள் பட்ட தொந்தரவு. நமது பெண்ணுக்கு நாம் கொடுக்கும் தொந்தரவு எத்தனை நாளைக்கு? "பெத்தவளுக்கே பாலு இல்லேன்னா" என்ற ஒரு வார்த்தை எத்தனை அதிர்ச்சிக்குச் சமானம்? ஆகவே கவலைப்பட்ட தாயின் பால் விஷமாகும் என்பதும், கவலைப்பட்டதால் பால் அடியோடு அழிந்துபோகும் என்பதும் பொய். கவலை வாசலை அடைக்கின்றது. அடைபட்ட பாலை எடுக்காமல் விட்டால் நாளடைவில் சுரப்பும் குறைகின்றது என்பதே மெய். வாசலைத் திறக்கவும் கூடும். குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு மன அமைதிக்கான ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கச் செய்ததில், கேட்காதவர்களைவிட 63 சதவிகிதம் அதிகமாகப் பால் கிடைத்ததாக 1989இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அமைதியாய் உட்காரவிட்டதற்கே இவ்வளவு பலன்!

நிற்க, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லாமல் பிறரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. டாக்டர்களும் நர்சுகளும் இன்று சொல்லுகின்ற முறையைச் சுருக்கிக் கூறுகின்றோம்.

முதலாவது, குழந்தை வேறு ஊரில் இருந்தாலும், பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் மணியிலேயே, கையால் பீய்ச்ச ஆரம்பிக்கவேண்டும். முதல் இரண்டு நாளில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அது குறைவு என்று பயப்பட வேண்டியதில்லை; இயற்கையே அவ்வளவுதான். மஞ்சளாய்க் கெட்டியாய் வரும் அந்தச் சீம்பாலை அழுக்குப் பால் என்று தரையில் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றது. குறைமாதக் குழந்தைக்கு அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. ஒரு சொட்டானாலும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

இரண்டாவது, பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை எடுக்கவேண்டும். இரவில் ஒரு தடவையாவது கட்டாயம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமுமாகச் சேர்த்து இருபது, முப்பது நிமிஷம். ஒரே தடவையில் நெடுநேரம் எடுப்பதைவிடப் பல தடவை எடுப்பதுதான் முக்கியம். இப்படிச் செய்துவந்தால் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக்கு அரை லிட்டரும் அதற்கு மேலும் சேருவது பெரும்பாலான தாய்மார்களுக்குக் கூடிய காரியமே.

மூன்றாவது, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான ஈரத் துணியை மார்பில் சிறிது நேரம் வைத்து, மெல்லத் தடவிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாய் அழுத்திப் பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கவேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. தோலின்மேல் விரலை வழுக்கித் தேய்க்கக்கூடாது. வலித்தால் முறை தப்பு என்று அர்த்தம். பம்பு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பம்போடு கையையும் சேர்த்து உபயோகிப்பவர்களுக்கே அதிகம் கிடைக்கின்றதென்று கண்டிருக்கிறார்கள். ஆகையால் பம்பு வாங்கப் பணமில்லை என்பதற்காக ஒருவரும் மனம் உடைய வேண்டியதில்லை.

நான்காவது, பீய்ச்ச உட்காருகின்றபோது அவளைத் தனியாக, மறைவாக, சாய்ந்து உட்காரவிட வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டால் பால் சீக்கிரம் இறங்கும். குழந்தையைப் போர்த்திய துணி ஒன்று கையில் இருந்தாலும், டெலிபோனில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உதவும். பாத்திரத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று எட்டி எட்டிப் பார்ப்பதை அவளும் விடவேண்டும், சுற்றியிருப்பவர்களும் விடவேண்டும்.

ஐந்தாவது, எடுத்த பாலைக் கொதிக்க வைத்துக் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, தேதியும் நேரமும் எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் உடனே கொண்டுபோக வேண்டும். நமது ஊர் வெயிலில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. குளிர்ப்பெட்டியில் எத்தனை நேரம் வைக்கலாம் என்பதை அந்த ஆஸ்பத்திரி நர்சு சொல்லுகின்றபடி கேட்கவேண்டும். குழந்தைக்கு உறிஞ்சும் பலம் இல்லாவிட்டால் அவர்கள் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையாலும் கொடுப்பார்கள். நமது பாட்டிமார்கள் உபயோகித்த அதே பாலாடைதான் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இருக்கின்றது.

ஆறாவது, பத்தியம் என்ற பட்டினியை நிறுத்தவேண்டும். வயிறாரச் சோறும், பருப்பும், கீரையும், முட்டையும், மீனும், தாகத்துக்குத் தண்ணீரும் கொடுக்கவேண்டும். பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை இவைகளை உணவாகச் சாப்பிடட்டும், நல்லதே. ஆனால் பீய்ச்சாமல் பூண்டு மாத்திரம் தின்றால் பால் வராது. மார் சிவந்து, ஜுரம் கண்டால் மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

பழைய வழக்கங்கள் என்பதற்காகவே எல்லாவற்றையும் நாம் தள்ளிவிடுகின்றோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். குழந்தையை இழந்த தாய்க்குப் பால் கட்டி வலிக்கும்போது மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நமது பக்கத்து வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதைப் பரீட்சித்துப் பார்த்து 1988இல் வெளியிட்டார்கள். பாலை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரைக்கு ஒப்பாகவே பூவும் வேலை செய்ததைக் கண்டார்கள். இது பாட்டி சொன்னதற்காக மெய்யாகவில்லை. பரீட்சையில் தேறியதால் மெய்யாயிற்று. இதிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் பிறக்கின்றது. குழந்தை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கின்றபோது, மார் கட்டி வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு யாராவது மல்லிகைப்பூவைக் கட்டிவிட்டால், அது கிணற்றை மூடுவதாகும். வலிக்கு மருந்து பீய்ச்சி எடுப்பதே.

தேறாத வழக்கங்களையோ தாக்ஷண்யம் பாராமல் தள்ளவேண்டும். பிறந்த குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும், சங்கில் கழுதைப் பால் வாங்கி ஊற்றுவதும் குறைமாதக் குழந்தையின் குடலுக்கு ஆபத்து. டப்பாப் பாலைக்கூட டாக்டர் வேண்டுமென்று சொன்னாலொழிய வாங்கக்கூடாது. டப்பாப் பால் வியாபாரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் பகிரங்கமாய்ப் பேசினார். இந்தியாவில் அதன் விளம்பரத்தைத் தடுக்க 1992இல் சட்டமே வந்தது.

இனி, தாயைக் குழந்தையிடம் சேர்க்கும் விஷயம். 1978இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரத்தில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோலாய்க் கட்டி வைத்தார்கள். ஏழைகளின் வைத்தியம் என்று இளப்பமாய் நினைக்கப்பட்ட அது, பிறகு உலகமெல்லாம் பரவிற்று. 2021இல் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் செய்த ஆராய்ச்சியில், உடல் நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவை 100க்கு 12. பழைய முறையில் 100க்குக் கிட்டத்தட்ட 16. தாய் பக்கத்தில் இருந்தாலே இவ்வளவு உயிர் மிஞ்சுகின்றது, பாலும் பெருகுகின்றது. அப்படியிருக்க, தீட்டு என்று வீட்டில் அவளை நிறுத்துவதும், பார்வை நேரம் முடிந்தது என்று ஆஸ்பத்திரி வாசலில் அவளை நிறுத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்களல்லவா?

நமது வேலூருக்கு ஆஸ்பத்திரி வந்த சரித்திரமே இதற்குச் சாட்சி. 1890களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு மேல்ஜாதி இந்து. மூவர் வீட்டிலும் பெண்கள் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மையாரின் தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். மதம் வேறு, ஜாதி வேறு. பெண்ணைச் சாகவிடுவதில் மாத்திரம் மூவருக்கும் ஒரே கொள்கை! அந்த இரவுதான் ஐடா அம்மையாரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900இல் அவர் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1902இல் பெண்கள் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1918இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடமும் ஏற்பட்டது. இன்று ஆஸ்பத்திரி இருக்கின்றது, பெண் டாக்டர் இருக்கிறார், பஸ் இருக்கின்றது. அந்த வாசற்படி மாத்திரம் நமது வீட்டில் அப்படியே இருக்கின்றது.

சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் இதில் பொறுப்பு இல்லையா என்றால், நிறைய உண்டு. பிரசவ லீவு 2017இல் செய்த சட்டத் திருத்தத்தால் 26 வாரமாயிற்று. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகின்றவளுக்கும், கூலித் தறியில் பாடுபடுகின்றவளுக்கும் அதில் எத்தனை நாள் கூலி கைக்கு வருகின்றது? தமிழ்நாட்டில் முத்துலட்சுமி அம்மையார் பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பிரசவ உதவி கொடுக்கும் திட்டம் இருக்கின்றது. அந்த உதவி தாயின் வயிற்றுக்குப் போகின்றதா, வீட்டுக் கடனுக்குப் போகின்றதா என்று கணவன்மார்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். குழந்தை வார்டுக்குப் பக்கத்திலேயே தாய்க்கு ஒரு கட்டிலும், பால் எடுக்க ஒரு மறைவான அறையும், ஒரு வேளைச் சோறும் கொடுப்பது தர்மமல்ல. அது அந்தக் குழந்தையின் வைத்தியத்தில் ஒரு பாகம் என்பதை ஆஸ்பத்திரிக்காரர்களும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எல்லாம் செய்தும் சில தாய்மார்களுக்குப் பால் போதாமல் இருக்கக்கூடும். பிரசவத்தில் அதிக ரத்தம் போனாலும், நஞ்சின் துண்டு உள்ளே தங்கினாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் அப்படி நேரும். அது நோயே தவிர பாவமல்ல. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் தாய்ப்பால் வங்கி ஏற்பட்டது. பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்ற அம்மையார் அதை ஆரம்பித்தார். தமிழ்நாட்டிலும் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்போது இருக்கின்றது. கொடுப்பவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிஷம் வைத்துச் சுத்தம் செய்தே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டும், "எந்த ஜாதிக்காரி பாலோ!" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எருமைப் பாலுக்கு ஜாதி கேட்காதவன், கழுதைப் பாலுக்குக் குலம் கோத்திரம் விசாரிக்காதவன், மனிதப் பாலுக்கு மாத்திரம் ஜாதி கேட்கிறான் என்றால், அவன் புத்தி எந்தச் சூட்டில் எத்தனை நிமிஷம் வைத்தால் சுத்தமாகும் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்குமானால், பால் இருக்கிறதா என்று தாயைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவள் பீய்ச்ச எழுந்திருக்கும்போது விளக்கைப் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைக்கின்ற வேலை கணவனுடையது. அது அவமானமென்று நினைக்கின்றவன் தகப்பன் என்ற பெயருக்கும் ஆசைப்பட வேண்டியதில்லை. ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போவதும் ஆண்பிள்ளை வேலைதான். மாமியார்களும் ஒன்று நினைத்துப் பார்க்கட்டும்: தாங்கள் பிள்ளை பெற்றபோது தங்களைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும்?

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒன்றரைக் கிலோ உயிருக்கு ராசியும் தெரியாது, தீட்டும் தெரியாது. அதற்கு வேண்டியது மூன்று மணிக்கு ஒருதரம் சில சொட்டுப் பால். அந்தச் சொட்டு வரும் வழியில் நாம் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும். பாதிக் குழந்தை பிழைத்த மாதிரிதான்.